புதுப்பிப்பு: காசிமேட்டில் கிடைத்த பச்சைக்கண் மீன் இதுதான்

காசிமேட்டில் விசைப்படகுக் கழிசல் குவியலில் எடுத்த, பச்சையாக மினுங்கும் பெரிய கண்ணுள்ள மீனின் படம் போட்டு என்ன இனம் என்று கேட்டிருந்தேன். பலர் தும்பிலி என்றீர்கள். நெருங்கிவிட்டீர்கள், வகைப்பாட்டில் இரண்டும் ஒரே வரிசை, அதாவது குடும்பத்துக்கு மேலே உள்ள பிரிவு. முதுகில் வால் பக்கம் முள்ளில்லாத குட்டிக் கொழுப்புத் துடுப்பு இரண்டுக்கும் உண்டு. ஆனால் தும்பிலியின் வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும்; இதற்குச் சின்ன வாய், தலையையே நிறைக்கும் கண்.

ஆக, பச்சைக்கண் குடும்பம், குளோரோஃப்தால்மஸ் பேரினம். அதில் எது என்பதுதான் சிக்கல். விடை கீழ்த்தாடையில் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தாடை நுனி ஒரு தட்டையான தகடு, அதன் இரு மூலையிலும் முன்னோக்கி நீட்டிய முள். நகத்தால் வருடினால் சிக்குகிறது. சரி, இது குளோரோஃப்தால்மஸ் கார்னிகர். 1894-இல் பெயரிட்டவர் ஆல்காக், இன்வெஸ்டிகேட்டர் ஆய்வுக் கப்பலின் மருத்துவர். எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் மனிதர்!

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு அதிசயம், குதத்தை ஒட்டி ஒளிரும் பாக்டீரியா வாழும் ஓர் உறுப்பு.

மீன் விற்கும் அக்கா, "இதெல்லாம் தீவனத்துக்குப் போறது கண்ணு" என்றார். போகட்டும், ஆனால் அதற்கு முன் ஒரு படம் எடுங்கள். பக்கவாட்டில் மட்டும் போதாது, தாடையைக் கீழிருந்தும் எடுங்கள். அப்புறம், மீனைக் கெடாமல் வைக்க ஃபார்மலினில் போடுவதற்கு முன் ஒரு துண்டுச் சதையை ஆல்கஹாலில் வையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். என் மீனைச் சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கொடுக்கப் போகிறேன்.