குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: தஞ்சைப் பயிற்றுநர்

வணக்கம். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் (ஐ.சி.டி.எஸ்.) மாவட்ட, வட்டார அலுவலர்களுக்கான மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பழைய கையேட்டைப் புரட்டினால் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, குழு விளையாட்டு, கடைசி நாள் யோகா. இதையெல்லாம் முடித்துவிட்டுப் போகிறவர் மறுநாள் தன் மேசையில் ஒரு முடிவையாவது வேறு விதமாக எடுப்பாரா என்று யோசித்தால் நம்பிக்கை வரவில்லை. சென்னையில் போடும் அரசாணை ஒரு கிராமத்து அங்கன்வாடியில் என்னவாக மாறும் என்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. களத்தில் இருந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: மதுரை, ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்

தம்பி, யோகாவை முதலில் எடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டில் செய்துகொள்வார்கள்.

நான் வேலைக்கு வந்தது உலக வங்கி உதவியோடு நடந்த ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தில், மேற்பார்வையாளராக. 1980இல் எங்கள் மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் செய்த பெரிய காரியம், ஊழியர் எதையெல்லாம் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்ததுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை சரியாக ஏறாத குழந்தைக்குத்தான் கூடுதல் உணவு, அதுவும் 90 நாள்; தேறிவிட்டால் நிறுத்திவிடலாம். சுமார் பத்து ஊழியருக்கு ஒரு மேற்பார்வையாளர். மையத்து வாசல் பலகையில் அந்த மாதக் கணக்கைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைப்போம். ஊர்க்காரர்கள் நின்று படிப்பார்கள். வேலை குறைவாகவும் தெளிவாகவும் இருந்ததால், எங்கே கோளாறு என்பது உடனே தெரிந்தது. நான் தலைமை என்று சொல்வது, எதை விடலாம் என்று முடிவெடுக்கும் அந்தத் துணிச்சலைத்தான்.

இன்று நடப்பதைப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகும் எங்கள் தெரு மையத்துக்குப் போய் உட்காருவேன். போன மாதம் ஒரு காலை, பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி பாம்பு செய்து, அதைச் சுருட்டி, "இது முறுக்கு" என்று பணியாளரிடம் நீட்டினாள். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணியின் முகத்தைப் போஷன் டிராக்கர் என்ற அரசின் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். சிக்னல் இல்லாமல் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். சிறுமி கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள், பிறகு முறுக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டாள். "யாருக்குச் செய்தாய், எத்தனை சுற்று" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதுதான் அன்றைய முன்பருவக் கல்வி. அந்த மையத்தைப் பார்வையிட வரும் அலுவலர் பதிவேற்றம் முடிந்ததா என்று கேட்பார். முறுக்கைப் பற்றி யார் கேட்பார்கள்?

ஆகவே முதல் நாள் அரங்கமே வேண்டாம். ஒவ்வொருவரையும் வேறு வட்டாரத்து மையம் ஒன்றுக்கு அனுப்புங்கள். அலுவலக வண்டியும் ஆய்வுப் பதிவேடும் கூடாது. உதவியாளர் கதவைத் திறக்கும்போது உள்ளே போய், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடியும்வரை இருக்கட்டும். ஒரே ஒரு குழந்தையை மட்டும் பார்த்து, பெரியவர்கள் அதனோடு என்னென்ன பேசினார்கள் என்று எழுதிவரட்டும்.

இரண்டாம் நாள், கடந்த ஓராண்டில் அவர்களே அனுப்பிய சுற்றறிக்கைகளை மேசையில் போடுங்கள். எந்தப் படிவத்தைத் தம் அதிகாரத்திலேயே நிறுத்தலாம், எதற்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று பிரிக்கட்டும். எழுத வேண்டியதை அங்கேயே எழுதட்டும்.

மூன்றாம் நாள் பள்ளிக் கல்வித் துறை, சுகாதாரத் துறை ஆட்களையும் உட்காரவையுங்கள். 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? கட்டடம் ஒரு துறை, பணியாளர் இன்னொரு துறை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் மூன்று வயதுப் பிள்ளை முன்னால். அதைத் தலைப்பாகக் கொடுத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று அன்று மாலைக்குள் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 2: அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம் மாவட்டம்

மதுரை அம்மா சொல்வது அத்தனையும் சரி. ஆனால் அதிகாரி வருகிறார் என்று முதல் நாள் இரவே எங்களுக்குத் தகவல் வந்துவிடும். சுவரில் புதுப் படம் ஒட்டுவோம், வராத பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவோம். எந்த மையம் என்பதை அன்று காலையில்தான் அவர்களுக்கே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பக்கத்துத் தனியார் பள்ளியில் மூன்று வயதிலேயே ஏ, பி, சி எழுதவைக்கிறார்கள், இங்கே விளையாட்டுதானே என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். களிமண் பிசைந்து விரல் பலப்பட்ட பிறகுதான் பென்சில் பிடி வரும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் நின்று அதையே சொன்னால் கேட்பார்கள். அப்படிப் பேசவும் பயிற்சி கொடுங்கள், சார்.

பதில் 3: கோவை, பொதுக் கொள்கை மாணவர்

பிரேசிலில் 2012இல் தொடங்கிய பயிற்சி ஒன்றைப் பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையமும் அந்நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், அரசு அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தினர் எல்லாரும் ஒரே வகுப்பு. மூளை வளர்ச்சி பற்றிப் பாடம் கேட்பதோடு முடியாது. குழுவாகத் தம் ஊருக்கான செயல்திட்டம் எழுத வேண்டும். 2016 மார்ச்சில் அங்கே வந்த இளங்குழந்தைப் பருவச் சட்டத்துக்குப் பின்னால் அந்த வகுப்பிலிருந்து போன உறுப்பினர்களின் உழைப்பும் இருக்கிறது.

தஞ்சைப் பயிற்றுநர்

மூவருக்கும் நன்றி. அம்மா, ஓர் ஐயம். ஒரு படிவத்தை நிறுத்திவிட்டு நாளை மேலிடம் விளக்கம் கேட்டால் என்ன செய்வது என்று அலுவலர்கள் பயப்படுவார்களே?

மதுரை, ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்

பயப்படத்தான் செய்வார்கள், நியாயமான பயம். அதற்காக, இரண்டாம் நாள் மாநில இயக்குநரகத்திலிருந்து கையெழுத்து போடும் அதிகாரம் உள்ள ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்கிறேன். எந்தப் படிவம் எதற்கு என்று அவரிடமே கேட்கட்டும். பதில் சொல்ல முடியாதவற்றை அன்றைக்கே எழுத்தில் நிறுத்தி, நகலை எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பட்டும். அவர் வர மறுத்தால் பயிற்சித் தேதியைத் தள்ளிவையுங்கள், தம்பி.