விட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஆனால் சட்டைப் பையில் ஒரு சிகரெட் இருக்கிறது

பூக்கல் பட்டறை, ஆத்தங்குடி:

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல், செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. பதினெட்டு வருடம் சிகரெட் பிடித்தவன். கடைசியில் ஒரு நாளைக்குப் பதினைந்துக்குக் குறையாது. விட்டு இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது.

எங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கண்ணாடியைத் துடைத்து, அச்சை மேலே வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவோம். அச்சைத் தூக்கும்போது கை ஆடினால் சிவப்பு போய் மஞ்சளில் கலந்துவிடும், அந்தக் கல் அவ்வளவுதான். பத்து கல் ஊற்றினால் ஒரு தம், அதுதான் என் கணக்கு. விட்ட முதல் வாரம் கை நடுங்கி முப்பது கல்லுக்கு மேல் வீணாக்கினேன். அதையும் தாண்டி வந்துவிட்டேன். அப்புறம் மாதக்கணக்கில் நினைப்பே வராது. திடீரென்று ஒரு காலையில், நனைந்த சிமெண்ட் வாசனையும் டீயும் சேர்ந்தால் விரல் இரண்டும் தானாக விரியும், நடுவில் எதையோ பிடிக்கப் போவதுபோல.

போன வெள்ளிக்கிழமை கானாடுகாத்தானில் கூட்டாளி வீட்டுக் கல்யாணம். ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் பாக்கெட்டை நீட்டினான். "விட்டுட்டேன்" என்றேன். "ரெண்டு வருசம் ஆச்சுல்ல, இனி உன்னை ஒண்ணும் செய்யாது, ஒண்ணே ஒண்ணு இழு" என்றான். நான் வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி ஒரே ஒரு சிகரெட் வாங்கினேன். பற்றவைக்கவில்லை. இன்றோடு நான்கு நாள். ராத்திரி சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மறுநாள் சட்டையில் வைக்கிறேன். வீட்டில் தெரியாது.

நான் கேட்க வந்தது இதுதான். நான் விட்டுவிட்டேனா, இல்லையா? இத்தனை நாளைக்குப் பிறகும் இப்படி இருந்தால் நான் இன்னும் அதற்கு அடிமைதானே? ஒத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. ஒத்துக்கொண்டால் இந்த இரண்டு வருடமும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது.


புதுவயல்காரன்:

அண்ணே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் 2019ல் விட்டேன். அன்றைக்கே மறந்தும் விட்டேன். அடிமை அடிமை என்று நினைத்துக்கொண்டே இருந்தால் அந்த நினைப்பே இழுத்துக்கொண்டு போய்விடும். பையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.


தேவகோட்டை சமையல்:

தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு தடவை படித்தேன். நான் கல்யாண சமையல் செய்கிறவன், வயது 63. பதினாறு வயதில் பீடி. கோட்டை அடுப்பில் நின்றுகொண்டு, கொள்ளிக்கட்டையை உருவி அதிலேயே பற்றவைத்துப் பழகினவன், தீப்பெட்டியே தேவைப்பட்டதில்லை.

நான் இரண்டு தடவை விட்டவன். முதல் தடவை 2008ல். அந்த வருடம் அக்டோபர் 2ஆம் தேதி பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது. மண்டபத்துக்காரர் "மாஸ்டர், இனி கேட்டுக்கு வெளியே போய்த்தான்" என்றார். கரண்டியை விட்டுவிட்டு வெளியே போக முடியாது, அந்த வாரமே விட்டேன். நான்கு வருடம் தொடவில்லை. போகிற இடமெல்லாம் "நான் ஜெயித்துவிட்டேன்" என்று சொன்னேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

2012 ஆவணியில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம், நானூறு இலை. விடியற்காலை மூன்று மணி. கந்தரப்பத்துக்கு மாவு ஆட்டி வைத்தாயிற்று, பால் இன்னும் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாள் கையில் பீடி. "கொடுப்பா" என்று வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். தலை சுற்றியது, தொண்டை எரிந்தது, இருமல் வந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. அதை நினைத்து அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! பார், பிடிக்கவில்லை, அப்படியென்றால் நான் முழுசாக வெளியே வந்துவிட்டேன் என்று. மறுநாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது ஒன்று. பத்தாம் நாள் என் இடுப்பில் ஒரு முழுக் கட்டு. அதன் பிறகு திரும்ப விட இரண்டரை வருடத்துக்குக் கிட்ட ஆனது.

ஆகவே தம்பி, பிடிக்காத இழுப்பை நம்பிவிடாதீர்கள். இருமல் வந்தால் தப்பித்தோம் என்று அர்த்தம் இல்லை.

2015 தையில் மறுபடி விட்டேன். அதற்கப்புறம் ஒரு இழுப்புகூட இல்லை. இரண்டாம் தடவை நான் வேறு மனிதனாகிவிடவில்லை, பெரிய வைராக்கியமும் கிடையாது. என் வாயில் வருகிற ஒரு சொல் மாறியது. பந்தியில் நின்று பாருங்கள். கத்தரிக்காய் வைக்கப் போனால் சிலர் இலை மேல் கையை மறித்து "எனக்கு ஆகாது" என்பார்கள். உடம்பு தடித்துவிடும், அரிக்கும். பரிமாறுகிறவன் மறுபேச்சு இல்லாமல் அடுத்த இலைக்குப் போய்விடுவான். பத்து வருடம் கத்தரிக்காய் தொடாத மனிதரைப் பார்த்து, "பத்து வருசம் ஆச்சே, இன்னைக்கு ஒரு துண்டு சாப்பிடுங்க" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால்தான் அவர் கேட்பாரா?

ஆனால் "விட்டுட்டேன்" என்று சொன்னால், திரும்ப எடுக்கலாமே என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றுகிறது. நமக்கும் தோன்றுகிறது. அதனால் நான் இப்போது "எனக்கு ஆகாது" என்று மட்டும் சொல்கிறேன். ஒன்று ஆகாது, பாதி ஆகாது, அடுத்தவன் பீடியில் ஒரு இழுப்பும் ஆகாது. என் உடம்பு அப்படி. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடிமைதானே என்று கேட்டீர்கள். ஆமாம் தம்பி, நீங்களும் நானும் அப்படித்தான். அதை ஒத்துக்கொள்வதால் இரண்டு வருடம் எங்கும் போகாது. புகைக்காத ஒவ்வொரு நாளும் உங்கள் கையில் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளாத நான்கு வருடம்தான் ஒரே இழுப்பில் போனது.

புதுவயல் தம்பிக்கு: உங்களுக்கு மறந்துபோனது நல்ல கொடுப்பினை, அதை நான் கலைக்க வரவில்லை. ஆனால் நான்கு நாளாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைக்கிறவரை மறந்துவிடு என்று சொல்ல முடியாது.


மருந்துக்கடை, காரைக்குடி:

மாஸ்டர் அண்ணன் அனுபவத்தில் சொன்னதுக்கு உடம்பு வழியாகவும் காரணம் இருக்கிறது. நான் பார்மசிஸ்ட், தெரிந்ததைச் சொல்கிறேன்.

புகையை உள்ளே இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். இவ்வளவு வேகமாகப் போவதால்தான் பழக்கம் அவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது. பிடிக்கிறவர்களுக்கு மூளையில் நிகோடினை ஏற்கும் இடங்கள் எண்ணிக்கையில் கூடிவிடும். விட்ட பிறகு நிகோடின் இரண்டு மூன்று நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். கூடின இடங்களும் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே அண்ணே, உங்கள் உடம்பு இப்போது நிகோடின் கேட்கவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக மூளை படித்த பாடம் அழியவில்லை. நனைந்த சிமெண்ட், டீ, சாப்பாட்டுக்குப் பின் திண்ணை, இதெல்லாம் அந்தப் பாடத்தின் பக்கங்கள். ஒன்று திறந்தால் விரல் விரிகிறது. சில நிமிடம் சும்மா இருந்தால் அதுவே அடங்கிவிடும். ஒரு சிகரெட்டைக் கொடுத்தால் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

இது மனத் திடம் இல்லாததால் வருகிற விஷயம் இல்லை. நிகோடின் அடிமையாக்கும் பொருள்தான் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988லேயே தனி அறிக்கை வெளியிட்டிருக்கிறார்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, காபி டீயில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் கரைக்க வைக்கும். விட்ட பிறகு அது நின்றுவிடும். அதே ஆறு டீ குடித்தால் கஃபீன் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும், படபடப்பும் கை நடுக்கமும் வரும். சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொள்வோம். முதல் வாரம் நீங்கள் வீணாக்கிய முப்பது கல்லில் டீக்கும் பங்கு இருந்திருக்கலாம். இப்போதும் பழைய கணக்கில் குடித்தால் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: புதிதாக விடுகிறவர்கள் நிகோடின் சூயிங்கம் எடுப்பதில் தப்பே இல்லை. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் இரண்டும் உண்டு. எது, எவ்வளவு நாள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிட்டாய் மாதிரி மென்று தள்ளக்கூடாது. காரம் தெரிகிறவரை மென்று, கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் திரும்ப மெல்லவேண்டும். நீங்கள் இரண்டு வருடம் நிகோடினே இல்லாமல் இருக்கிறீர்கள் அண்ணே, உங்களுக்கு அது வேண்டாம். மனசு தாங்காத நேரத்தில் பேச 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள், பிடித்த காலத்தில் நாம் படித்திருக்கமாட்டோம்.


பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, நான் சிகரெட் பிடித்தவள் இல்லை, பிடிக்கிறவரோடு இருந்தவள். என் வீட்டுக்காரர் விட்டுவிட்டேன் என்று சொல்லி எட்டு மாதம் மோட்டார் அறையில் பிடித்தார். துவைக்க எடுத்த வேட்டி மடிப்பில் தீப்பெட்டி இருந்தது. அவர் பிடித்ததற்கு நான் அழவில்லை. எட்டு மாதம் என்னிடம் மறைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்பட்டாரே என்றுதான் அழுதேன். இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.


பூக்கல் பட்டறை, ஆத்தங்குடி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் ஐயா, "பிடிக்காத இழுப்பை நம்பாதே" என்ற இடத்தில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒன்று இழுத்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் நிம்மதி என்று நினைத்துத்தான் அந்த ஒன்றை வாங்கினேன். இதை முதலில் எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

ஆச்சி சொன்னபடி ராத்திரி வீட்டில் சொன்னேன். அவள் கையை நீட்டினாள், எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாள் பையில் கிடந்து தாள் மஞ்சளாகி நடுவில் மடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே செய்யுங்க" என்றாள். பட்டறைக்குப் போய், கரண்டி கழுவுகிற வாளியில் போட்டேன். சிவப்புத் தண்ணீரில் தாள் மெல்ல விரிந்து, தூள் மேலே மிதந்தது. அது முழுதும் ஊறுகிறவரை அங்கேயே நின்றேன். அப்போதும் வாசனை வந்தது, அப்போதும் வேண்டும்போலத்தான் இருந்தது. எனக்கு இது எப்போதும் இருக்கும் என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகு பயம் வரவில்லை.

மருந்துக்கடைத் தங்கைக்கு: ஆறு இல்லை, எட்டு டீ. இன்றைக்கு நான்கோடு நிறுத்தியிருக்கிறேன்.

இன்று காலை திண்ணையில் பாக்கெட்டை நீட்டிய அதே கூட்டாளி பட்டறைக்கு வந்தான், புது வீட்டு முகப்புக்குக் கல் பார்க்க. பேசிக்கொண்டே பழக்கத்தில் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். "எனக்கு ஆகாதுப்பா" என்றேன். "ஏன், டாக்டர் ஏதும் சொன்னாரா?" என்று பதறினான். "இல்ல, எனக்கே தெரியும், ஒண்ணுகூட ஆகாது" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பாக்கெட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் பச்சைக் கரை போட்ட கல்லா, சிவப்புக் கரையா என்று பேச ஆரம்பித்தோம்.