மார்கழி லீவில நாலு ஊர், ஒரே கோச்சிப் பயணம்: போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலைக்காரன்

போன கிழமை தேத்தண்ணிக் கடையில ஒருத்தர் கேட்டார், "மார்கழி லீவுக்குப் பிள்ளையளோட ஐரோப்பா போறம். எல்லா ஊருக்கும் கோச்சியிலயே போகலாமோ?" எண்டு. போகலாம். நாங்கள் 2024 மார்கழியில (டிசம்பரில) போனனாங்கள். நான், மனுசி, அம்மா, ஒன்பது வயதிலயும் ஆறு வயதிலயும் ரெண்டு பொடியள். பிராங்பேர்ட்டில இறங்கி நேர சூரிச், தங்கச்சி வீடு. பிறகு பேர்லினில ரெண்டு நாள். அங்கயிருந்து ஜேர்மனியிலயே வுப்பெற்றால் எண்ட ஊர், மனுசியின்ர தமையன் வீடு. கடைசியாய் பாரிஸில சித்தப்பா.

கோச்சியை அடுக்கிறது சுகம். சொந்தக்காரரை அடுக்கிறதுதான் பாடு. ஷெங்கன் விசா எண்டது ஐரோப்பாவில கன நாட்டுக்கும் பொதுவான ஒரே விசா. அதை, எந்த நாட்டில கூட நாள் நிக்கிறமோ அந்த நாட்டிட்டத்தான் கேக்க வேணும். கொப்பியில இரவுகளை எண்ணினன்: சுவிஸ் அஞ்சு, ஜேர்மனி பத்து, பிரான்ஸ் மூண்டு. அந்தக் கணக்கு எப்பிடியோ தங்கச்சியின்ர காதுக்குப் போச்சுது. "அண்ணியின்ர தமையன் வீட்டுக்கு எட்டு நாள், கூடப் பிறந்தவளுக்கு அஞ்சோ?" ரெண்டு நாள் வட்ஸ்அப்பில மூச்சில்லை.

விசாக் கட்டணம் பெரியாக்களுக்கு 90 யூரோ, பொடியளுக்கு 45. காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதத்துக்கு முதலே விண்ணப்பிக்கலாம், பிந்தாதேங்கோ. கைரேகை குடுக்கக் கொழும்புக்கு இரவுக் கோச்சியில போய் அடுத்த இரவே திரும்பினம். ஒரு இழுபறி என்னெண்டால், விசாவுக்குப் பயணத் திட்டம் கேப்பினம், ஆனால் ஐரோப்பாவில கோச்சி நேர அட்டவணை ஒவ்வொரு வருசமும் மார்கழி நடுவில மாறுறது. அதுக்குப் பிந்தின நாளுகளுக்கான டிக்கட் கனக்க இடத்தில ஐப்பசி (ஒக்டோபர்) வாக்கிலதான் திறக்கும். நாங்கள் டிக்கட் இல்லாமல் திட்டத்தை எழுதித்தான் குடுத்தனாங்கள்.

பிறகு யூரெயில் பாஸ் எடுத்தம், கன நாட்டுக் கோச்சியளில ஏற ஒரே டிக்கட் மாதிரி. ஒரு மாதத்துக்குள்ள நாலு பயண நாள், எங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குக் காசில்லை, பெரியாள் ஒருத்தரோட சேர்ந்து போனால் சரி. அஞ்சு பாஸையும் என்ர போனிலயே போட்டு வைச்சன், பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சுக்கொண்டு.

இனி 23 ஆம் திகதிக் கதை. பேர்லின் ஸ்டேஷனில நத்தாருக்கு வீட்டை போற சனம் நெருங்குப்படுது. ஜேர்மனிக்குள்ள இருக்கை பதியாமலும் ஏறலாம் எண்டதால நான் காசை மிச்சம் பிடிச்சிட்டன். மேடையில ஏ, பி, சி எண்டு எழுத்துகள் தொங்கும், எந்தப் பெட்டி எதுக்கு நேர வந்து நிக்கும் எண்டு காட்டுறதுக்கு. ஆர் பார்த்தது! மனுசி பொடியளோட முன்னுக்கு ஒரு கதவால ஏறினா. நான் அம்மாவோடயும் சூட்கேசுகளோடயும் பின்னுக்கு ஏறினன். உள்ளால நடந்து போய்ச் சேருவம் எண்டு நினைச்சால், ஒரு இடத்தில பாதை முடிஞ்சு சுவர்தான் கிடக்கு. ரெண்டு கோச்சியை ஒண்டாக் கொழுவி ஓட்டுறாங்கள். ஒண்டிலயிருந்து மற்றதுக்குப் போக ஏலாது.

ஹாம் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்கதான் பக்கத்தில இருந்த பிள்ளை சொல்லிச்சுது. ஹாமில கோச்சி ரெண்டாப் பிரியும். முன்பாதி வுப்பெற்றால், கேர்ள்ன் பக்கம். நாங்கள் இருக்கிற பாதி டோட்முண்ட், எசன், டுசல்டோவ் பக்கம். எனக்கு உள்ளங்கை வேர்த்துப் போச்சு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நடைபாதை முழுக்க ஆக்களும் பெட்டியும். கதவடிக்கு வந்து எட்டிப் பார்க்க, மற்றப் பாதி போயிட்டுது.

அம்மா திரும்பவும் இருந்து முறுக்குப் பையை அவிழ்த்தா. "உது எங்கட கல்ஓயாச் சந்தி மாதிரித்தானேடா. மட்டக்களப்புக்கு ஒரு பாதை, எங்கட திருகோணமலைக்கு ஒரு பாதை."

அங்கால மனுசியிட்ட டிக்கட் பார்க்கிறவர் வந்திட்டார். பாஸ் எல்லாம் என்ர போனில! படம் பிடிச்சு வட்ஸ்அப்பில அனுப்பினன். படம் செல்லாது எண்டவராம். சின்னவன் அழத் தொடங்க, தலையாட்டிப்போட்டு நடந்தவராம். நாங்கள் டோட்முண்டில இறங்கி, ஹாகன் வழியாய்ச் சின்னக் கோச்சி பிடிச்சுப் போய்ச் சேருறதுக்குள்ள, பொடியள் மாமனோட தொங்கு கோச்சியில ஒரு சுத்தே முடிச்சிட்டினம். 1901 இலயிருந்து ஆத்துக்கு மேல தொங்கிக்கொண்டு ஓடுற கோச்சி அது. எனக்கு அதைப் பார்க்கிற மனநிலை அண்டைக்கு இல்லை.

நிலாவெளி அக்கா

தம்பி, உங்கட கதைக்குச் சிரிச்சிட்டன், குறை நினையாதேங்கோ. நாங்கள் பாரிஸில இறங்கி, கோச்சியில லண்டன் மகன் வீட்டை போய், திரும்பப் பாரிஸ் வந்து பிளேன் ஏறுறதாய் இருந்தம். லண்டனுக்கு வேற விசா வேணும் எண்டு தெரியும், அதை எடுத்தாச்சு. தெரியாதது என்னெண்டால், லண்டனுக்குக் கால் வைச்சால் ஷெங்கனை விட்டு வெளிக்கிட்ட கணக்கு. எங்கட ஷெங்கன் விசாவில "ஒருமுறை நுழைவு" எண்டுதான் கிடந்தது. நல்லவேளை, மகன் பாஸ்போட்டைப் பிரட்டிப் பார்த்து வெளிக்கிட முதலே பிடிச்சிட்டான். லண்டனிலயிருந்தே திரும்புற மாதிரி பிளேன் டிக்கட்டை மாத்தினதில ஒரு சோடிக் காப்பு போன மாதிரி.

இன்னொண்டு. நத்தாருக்கு லெஸ்டரில தங்கச்சி வீட்டை போவம் எண்டு 25 ஆம் திகதியைக் குறிச்சு வைச்சிருந்தன். அண்டைக்குப் பிரித்தானியாவில கோச்சியே ஓடாது. 26 இலயும் மிச்சம் குறைவு. பிறகென்ன, மகன் வீட்டில இடியப்பம் அவிச்சுச் சாப்பிட்டம்.

மூதூர் நானா

எனக்கு பாரிஸிலயிருந்து சூரிச். பாஸ் கையில இருக்கு, ஏறிக் குந்தினால் சரி எண்டு போனேன். பிரெஞ்சு விரைவுக் கோச்சியில பாஸ் இருந்தாலும் இருக்கை பதியாமல் ஏற ஏலா. பாஸ்காரருக்கு ஒதுக்கிறதும் கொஞ்ச இடம்தான், லீவு நாளில அது முதலே முடிஞ்சு போகும். எல்லாம் நிறைஞ்சிட்டு.

ஒரு வழி கிடைச்சிச்சு. கிழக்கு ஸ்டேஷனிலயிருந்து துரோய், பெல்போர் வழியா மூலூசுக்குப் பதிவு தேவையில்லாத கோச்சிகள் ஓடுது. அங்கயிருந்து பாசல், பிறகு சூரிச். ஒரு பகல் முழுக்கப் போச்சு. ஆனா விரைவுக் கோச்சியில போயிருந்தா அந்தப் பனி மூடின வயலைக் கண்ணில கண்டிருக்க மாட்டேன். லாச்சப்பல் அந்த ஸ்டேஷனுக்கு நடை தூரம், ஹலால் கடையில கொத்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். அஞ்சு மணி ஆக முதலே பொழுது பட்டு, மஃரிப் தொழுகையும் கோச்சிக்குள்ளதான்.

கன்னியா

அண்ணை, ரெண்டு கேள்வி. நானும் இவரும் மட்டும்தான் போறம், பாஸ் எடுக்கலாமா? மற்றது, மாமிக்குக் கருவாடு கொண்டுபோக விடுவினமோ?

உவர்மலைக்காரன்

தங்கச்சி, ரெண்டு பேரும் பயணத் திகதியளை இப்பவே முடிவெடுக்கேலுமெண்டால் என்ர எண்ணத்தில பாஸ் வேண்டாம். ஐப்பசியில டிக்கட் திறந்தோடன தனித்தனியாய் வாங்குங்கோ, மலிவு டிக்கட் முதல்தான் முடியும். பாஸ் எடுத்தால் அவரவர் பாஸ் அவரவர் போனில இருக்க வேணும். இதை என்னட்டத்தான் படிக்க வேணும்.

கருவாடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஆளுக்கு 20 கிலோ மட்டும் விடுவினம். இறைச்சியும் நெய்யும் ஏலாது. ஆனால் பெட்டிக்குள்ள வெக்கை போட்டிருப்பாங்கள் எண்டதை மறந்திடாதேங்கோ. பேர்லினில எங்கட கருவாட்டுப் பொதி என்ர பாதியிலதான் ஏறினது. ஹாமுக்கு வரேக்க முன் கதிரைகள் ரெண்டும் காலி.