மறு: ஃபாஸ்ட் ஸ்கேனுக்குத் தமிழ் என்ன?

> 'விரைவு மீயொலி ஆய்வு' போதாதா?

போதாது ஐயா. அடிபட்டு வந்தவருக்கு உடம்புக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் இது; அந்த ஃபாஸ்ட் (FAST), Focused, Assessment, Sonography, Trauma என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். வேகம் என்ற பொருளும் தோதாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் இன்னொரு வம்பும் உண்டு: "ஃபாஸ்ட் பார்த்தாச்சா?" என்று கேட்டால் வெறும் வயிற்றில் எடுக்கும் (ஃபாஸ்டிங்) சுகர் டெஸ்ட் என்று நினைத்து, "காபி குடிச்சிட்டாரே" என்பார்கள்.

வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஓர் உதாரணம்: 2013 ஏப்ரல் 15, அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டம். ஆணியும் பால்ரஸ் குண்டும் அடைத்த பிரஷர் குக்கர்கள் இரண்டு வெடித்தன. மூவர் இறந்தார்கள், காயமடைந்தவர்கள் 260க்கும் மேல். குண்டுகள் தரையில் இருந்ததால் கால்களில்தான் அடி அதிகம். சிதைந்த கால் கண்ணை இழுக்கும். வயிற்றில் மிளகளவு துளை இருந்தால் யார் கவனிப்பது? எல்லோரையும் உடனே சிடி ஸ்கேனுக்குள் தள்ளவும் முடியாது.

ஃபாஸ்ட் ஸ்கேனோ கட்டிலுக்கே வரும். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலை ஒட்டி, இதயத்தைச் சுற்றி, இடுப்புக் குழியில் என நாலே இடம், சில நிமிடம். திரையில் ரத்தம் தேங்கியதைக் காட்டும் கறுப்புக் கீற்று தெரிந்து, ரத்த அழுத்தமும் இறங்கினால் நேரே ஆபரேஷன் தியேட்டர். நிலையாக இருப்பவர் சிடிக்குக் காத்திருக்கலாம்.

ஆகவே முதலில் 'நாலிட நோட்டம்' என்று எழுதி வைத்திருந்தேன். எதுகை, மோனை தேடுகிற புத்தி போகுமா? ஆனால் இப்போது இரு பக்க நுரையீரலையும் சுற்றிக் காற்று தேங்கியிருக்கிறதா என்றும் சேர்த்தே பார்க்கிறார்கள். நாலு, ஆறாகிவிட்டது. ரத்தமானாலும் காற்றானாலும் கசிவு கசிவுதான். சரி, 'உட்கசிவு நோட்டம்'.

> நோட்டம் விடுவது திருடன் வேலை அல்லவா?

நாணயத்தைச் சோதித்துப் பார்த்தவரும் நோட்டக்காரர்தான். 'ஆய்வு' வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. முதுகுப் பக்கம் ஆழத்தில் தேங்கும் ரத்தம் இதில் பெரும்பாலும் அகப்படாது. 'ஆய்வில் ஒன்றுமில்லை' என்று படித்தால் நர்ஸ் நிம்மதியாகிவிடுவார். 'நோட்டத்தில் தெரியவில்லை' என்றால் திரும்ப ஒருமுறை பார்க்கத் தோன்றும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய ஸ்கேன்தானே இது.

அப்புறம், ஸ்கேன் முடிவை எழுதும் படிவத்தில் 'உண்டு / இல்லை' என்று கட்டம் போடாதீர்கள். 'தெரிகிறது / தெரியவில்லை' போதும். பக்கத்தில் பார்த்த நேரம் எழுத இடம் விடுங்கள்.