கோலாலம்பூரில் (கே.எல்.) ஆஸ்துமா: மகரந்தத்தை விட பூஞ்சையைக் கவனியுங்கள்

கே.எல். பக்கம் செராஸுக்குக் குடிவந்ததிலிருந்து இழுப்பு கூடிவிட்டது, இங்கே மகரந்த சீசன் எந்த மாதம் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அப்படி ஒரு மாதம் இங்கே கிடையாதும்மா. குளிர்நாடுகளில் வசந்தம் வந்ததும் மரங்கள் சேர்ந்து பூக்கும். இங்கே வருஷம் முழுக்க ஏதோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். புல் மகரந்தம் உண்டு, செம்பனை (பாமாயில் மரம்) மகரந்தமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது பூஞ்சையைத்தான்.

மகரந்தத் துகள் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் இருக்கும், அதனால் மூக்கிலேயே தங்கித் தும்மலும் கண் அரிப்பும் தரும். பூஞ்சை வித்துகளில் பல 2 முதல் 10 மைக்ரான்தான். அவை மூச்சுக்குழாய் வரை போய்விடும். எப்போதும் ஈரமாக இருக்கும் இந்த ஊரில் காய்ந்த இலைக்குவியல், வடிகால் ஓரம், பூந்தொட்டி எதுவும் அவற்றுக்குப் போதும். சில வகை வித்துகள் மழை பட்டதும் வெடித்துக் கிளம்பும். காளான் வித்துகள் விடியலுக்கு முன்பு, ஈரம் அதிகமான நேரத்தில் கூடும். காலையில் இழுப்பு வருபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இடிமழையும் சும்மா இல்லை. 2016 நவம்பரில் மெல்பர்னில் ஒரு மாலைப் புயலில் புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 10 பேர் இறந்தார்கள். அங்கே ரை புல் அதிகம், கே.எல். கதை வேறு. இருந்தாலும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகலில் வானம் கறுக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள். முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு சாலையோரம் புல் வெட்ட ஆட்கள் வருவார்களே, அப்போதும் அப்படித்தான். டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கும் மாலையிலும் வெளியே நிற்காதீர்கள்.

அதற்காக எப்போதும் பூட்டியே வைத்தால் வீட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், ஏர்கோனை (ஏசி) ஒழுங்காக சர்வீஸ் செய்யுங்கள். சுவரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிக் கசிவைச் சரிசெய்யச் சொல்லுங்கள், மேலே பெயின்ட் அடிப்பதில் பயனில்லை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வந்தால் அது தனிச் சிக்கல். ஏபிஐ (காற்று மாசுக் குறியீடு) 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம்.

அப்புறம், காரணத்தை யூகித்துக்கொண்டே இருக்காமல் தோல் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தூசிப்பூச்சிதான் குற்றவாளி என்று வந்தாலும் ஆச்சரியமில்லை, இங்கே அது ரொம்பச் சகஜம். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தின் பொதுப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்தாலின் என்றால் சால்பூட்டமால், இங்கே வெண்டோலின் என்று கேட்டால் கிடைக்கும். ஆனால் அது அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம், தடுப்பு இன்ஹேலரைப் பற்றிப் பேசியாக வேண்டும். வெண்டோலின் அடித்தும் மூச்சு சரியாகவில்லை, பேசவே திணறுகிறது என்றால் கிராப் வாடகைக் கார் தேடிக்கொண்டிருக்காமல் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள்.