பாக்குவெட்டி வியர்க்கிறது, என்ன செய்யலாம்?

கல்லாற்றுக்காரி:
வீடு பெரியகல்லாறு, கடற்கரைப் பக்கம். மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது நாலடி ஆழத்தில் மணலும் ஊரியும் ஒட்டிய ஒரு கறள் கட்டி வந்தது. தட்டிப் பார்த்தால் அம்மம்மாவின் பாக்குவெட்டி! 2004 டிசம்பர் 26, கடல் வந்த அன்று வீட்டோடு போனது. பிடியின் நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும், அதை வைத்துத்தான் அம்மா கண்டுபிடித்தா.

கம்பித் தூரிகையால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, ஷோக்கேசில் வைத்தேன். பதினைந்து நாள்தான். இப்போது அதன் மேல் தேநீர் நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள், வியர்வை மாதிரி. துடைத்தால் அடுத்த நாளே திரும்ப வருகிறது. நேற்று ஒரு சிம்பு கழன்று கையோடு வந்தது, அடியில் செம்மஞ்சள் தூள். எண்ணெய் போதாதா?

பாடும்மீன்:
தேசிக்காய்ப் புளியில் இரவு முழுக்க ஊறவிடுங்க. பளபள என்று வரும்.

பட்டறை நானா:
புளி வேண்டாம் தங்கச்சி, மிச்ச இரும்பையும் தின்றுவிடும். சாய்ந்தமருதுக்குக் கொண்டு வாங்க. உலையில் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் கறள் செதில் செதிலாக உதிரும். காசு வேண்டாம்.

கெமிஸ்ட்ரி சேர்:
புளி பற்றி நானா சொன்னது சரி. உலை, நாளைக்கு விறகு கொத்தப்போகும் கோடரிக்கு நல்லது. இது இருபது வருசம் உப்பு மணலில் கிடந்த சாமான், அதன் வடிவமே கறளுக்குள்தான் இருக்கிறது. தட்டினால் கிளி மூக்கு போய்விடும். கம்பித் தூரிகையையும் இனித் தொடாதீங்க.

வியர்ப்பது உப்பால். உப்பிலுள்ள குளோரைட்டு, கறளுக்கு அடியில் உலோகத்தை ஒட்டிக் கிடக்கும். மண்ணுக்குள் காற்று குறைவு என்பதால் அடங்கியிருந்தது. வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தை இழுத்துத் துளியாக நிற்கிறது. உள்ளே புதுக் கறள் பருத்து மேற்புறத்தைச் சிம்பாகத் தள்ளுகிறது. எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைக்கும், அவ்வளவுதான்.

எண்ணெயை அசற்றோனால் துடைத்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஊறவையுங்க. லீற்றருக்கு 20 கிராம் கோஸ்டிக் சோடா. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீருக்குள்தான் சோடாவைப் போடணும், மாறிச் செய்தால் தெறிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதற்குப் பதிலாக வாஷிங் சோடா 50 கிராம் போடுங்க, மெதுவாக வேலை செய்யும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்குங்க (அசிட் போத்தலை மாறித் தூக்கிவிடாதீங்க!). கிழமைக்கு ஒருக்கா மாற்றணும். மாதக்கணக்கில் ஆகும்.

ஊற்றப்போகும் பழைய நீரில் கொஞ்சம் தந்தால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்க்கிறேன். நைத்திரிக்கமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி. பால் மாதிரிக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கு.

பாடும்மீன்:
சார்ஜரில் கரண்ட் விட்டால் ஒரே நாளில் கறள் போகுமாமே?

கெமிஸ்ட்ரி சேர்:
உள்ளே கெட்டி இரும்பு இருந்தால் போகும். சாமான் மறை முனையில், நேர் முனையில் சாதாரண இரும்புத் தகடு. எவர்சில்வர் கரண்டியைக் கட்டினால் குரோமியம் நஞ்சாகக் கரையும். ஐதரசனும் வரும், அறைக்குள் செய்யக்கூடாது. இந்தப் பாக்குவெட்டிக்கு நான் செய்யமாட்டேன், குமிழிகளே சிம்பைக் கிளப்பிவிடும்.

வாவிக்கரை:
இடையில் ஒரு கேள்வி. மட்டக்களப்புக் கோட்டைப் பக்கம் ஒரு இரும்பு உருண்டை கிடைத்திருக்கு. இதே முறைதானா?

கெமிஸ்ட்ரி சேர்:
கையை எடுங்க! உருண்டையோ நீளமோ, வெடிக்கும் சாமானாக இருக்கலாம். தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்க. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அது, பழைய பீரங்கிக் குண்டென்றாலும் உங்களுடையது ஆகாது. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் மண்ணுக்குள் கிடைத்தால், யாருடைய வளவென்றாலும் அரசுக்குத்தான் சொந்தம். 1940ஆம் ஆண்டுச் சட்டம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கணும்.

பட்டறை நானா:
சரி, உலை வேண்டாம். ஊறி முடிந்தபிறகு கடுக்காய் அவித்த சாயத்தைத் தடவினால் கருநீலமாக வருமே?

கெமிஸ்ட்ரி சேர்:
வரும் நானா, அதில் இருப்பது தனின், இரும்போடு சேர்ந்து கருநீலப் படலம் கட்டும் துவர்ப்புப் பொருள். வடிநீரில் நன்றாக அலசி, காயவைத்து, இரண்டு மூன்று தடவை பூசிவிட்டு மேலே மெழுகு. பிறகு ஷோக்கேஸ் இல்லை, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பா.

கல்லாற்றுக்காரி:
ஏழு கிழமை ஆகிவிட்டது. முதல் தண்ணீர் தயிர் மாதிரிக் கலங்கியதாம், நேற்றுக் கொடுத்தது மெல்லிய புகை அளவுதான் என்றார் சேர். துளி வருவது நின்றுவிட்டது. இரண்டு கையையும் பூட்டும் ஆணி இன்னும் இறுக்கம். அம்மா தினமும் டப்பாவை எட்டிப் பார்த்து, "எப்ப வெளிய எடுப்பாய்?" என்று கேட்கிறா. நானா, கடுக்காய் எத்தனை அவிக்கணும்?