கெட்டிக்காரக் குழந்தையின் கோபம்: உங்கள் வீட்டில், வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:

போன மாதம் என் மகன் அவனுடைய அப்பாயியின் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்த இடம் மூன்று நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அவனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி படிக்கிறான்.

ஹால் முழுக்க சாக்பீஸால் ரயில் பாதை வரைந்திருந்தான். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் என்று போய், வாசல்படி அருகில் எழும்பூர். கொள்ளிடம் பாலத்துக்குத் தூண்கூடப் போட்டிருந்தான். காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து வரைந்தது. என் மாமியாருக்கு அது தரையில் கிறுக்கல். மாப்பை நனைத்துக்கொண்டு வந்து லால்குடி வரைக்கும் துடைத்துவிட்டார். இவன் ஓடிவந்து கத்தினான், மாப்பைப் பிடுங்கினான், அவர் விடவில்லை, கடித்துவிட்டான்.

நானும் அன்று அடித்தேன். அடி வாங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மா, வண்டியில ஆளுங்க இருந்தாங்க."

அதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நாம் பார்த்தது கோடு. அவன் பார்த்தது ஆட்கள் ஏறி உட்கார்ந்த வண்டி. அதை அவன் கண்ணெதிரே அழித்திருக்கிறோம்.

பள்ளியிலும் புகார் இருந்தது. நன்றாக வாசிக்கிறான், ஆனால் எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கிறான், பென்சிலை எறிகிறான், திமிர் அதிகம் என்று மிஸ் போனில் சொன்னார். அந்த வாரம் அவன் எழுதும்போது பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். 'இ' எழுதினான். சுழி கொஞ்சம் சப்பையாக வந்தது. புத்தகத்தைப் பார்த்தான், தன் எழுத்தைப் பார்த்தான், அழித்தான். மறுபடி எழுதினான், அழித்தான். ஐந்தாவது தடவை ரப்பர் தாளைக் கிழித்துவிட்டது. அப்புறம்தான் பென்சில் பறந்தது. எறிந்ததை மட்டும் பார்த்தவர்களுக்கு அது திமிர். அதற்கு முன்னால் ஐந்து முறை அழித்ததை யாரும் பார்க்கவில்லை. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று அவன் தலைக்குத் தெரிகிறது, விரலுக்கு இன்னும் ஐந்தரை வயதுதான் ஆகிறது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, 1991-ல் அமெரிக்காவில் கொலம்பஸ் குழு என்ற பெயரில் சில பெற்றோரும் உளவியலாளர்களும் கூடிப் பேசியது கண்ணில் பட்டது. அறிவு ஒரு வேகத்திலும் உணர்வும் உடம்பும் வேறு வேகத்திலும் வளர்வதுதான் அறிவுத்திறன் மிகுந்த குழந்தைகளின் அடையாளம் என்று அவர்கள் வரையறுத்தார்கள். அதைப் படித்ததும் என் மகனின் ரப்பர்தான் ஞாபகம் வந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "ரெண்டு போடு, சரியாயிடுவான்" என்கிறார்கள். அறிவுரை எனக்கு நிறையவே கிடைத்துவிட்டது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கும்பகோணம் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை:

முப்பத்தொரு வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்தவள் நான். நீங்கள் சொல்கிற மாதிரிக் குழந்தைகள் என் கையில் நான்கைந்து பேர் வந்திருப்பார்கள். முதலில் வந்தவர்களுக்கு நான் நியாயம் செய்யவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். நான் கரும்பலகையில் கணக்கு எழுதி முடிப்பதற்குள் விடையை எழுதிவிடுவாள். அப்புறம் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவாள், முன்னால் இருப்பவளின் ரிப்பனை உருவுவாள். "முடிச்சிட்டியா, இந்தா இன்னும் பத்துக் கணக்கு" என்று கொடுப்பேன். ஒரு நாள் நோட்டை மூடிவிட்டு, "வேகமா போட்டா அதிகமா போடணுமா டீச்சர்? அப்ப நான் மெதுவாவே போடறேன்" என்றாள். ஏழு வயதுக் குழந்தை. சுருக்கென்று இருந்தது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி அந்தப் பிள்ளையைத் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் கணக்கை மாற்றினேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளை வைத்துப் பத்து ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம், கண்டுபிடி என்றேன். காசுக்குப் பதில் புளியங்கொட்டை, மஞ்சாடி, கூழாங்கல் கொடுத்தேன். அன்று மதியம் வரை யாரையும் கிள்ளவில்லை. பத்து விதம் எழுதிக்கொண்டு வந்தாள். சரியான விடை அதுதான். நான் தட்டிக்கொடுத்ததும், "பத்து ரூபாக் காசே இருக்கே டீச்சர், அதைச் சேத்தா பதினொண்ணு" என்றாள்.

அதற்காக, அவள் கிள்ளியதை நான் விட்டுவிடவில்லை. வலித்த பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். வேலையை மாற்றிக் கொடுத்தது வேறு, கிள்ளக்கூடாது என்பது வேறு. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் மூன்று வயது வரை சரியாகப் பேசவில்லை. வீட்டுப் பித்தளை, செம்புப் பாத்திரங்களைச் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்குவாராம். கேட்ட சாப்பாடு கிடைக்காவிட்டால் மண்ணில் புரள்வாராம். சென்னையில் சேர்த்த பள்ளிக்குப் போக மறுத்ததால் போலீஸ்காரரை வைத்து அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மண்ணில் புரள்கிற பிள்ளையெல்லாம் ராமானுஜன் ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாத்திர வரிசையை அன்று யாராவது கலைத்திருந்தால் அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. "திமிர்" என்று வகுப்பு முன்னால் சொல்வதும் புண்படுத்துவதுதான். மிஸ்ஸிடம் சண்டை போடாமல், அந்தக் கிழிந்த பக்கத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கோவை அப்பா:

என் மகளுக்கு நாலரை வயதில் ஆரம்பித்தது. ராத்திரி தூங்கப் போகச் சொன்னால் அடிப்பாள், தலையணையைத் தூக்கி எறிவாள், குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். இரண்டு மாதம். நாங்கள் அதை அடம் என்றே நினைத்தோம். டிவியை நிறுத்தினோம், சாக்லேட்டை நிறுத்தினோம், என் மனைவி கெஞ்சினாள், நான் அதட்டினேன்.

ஒரு ராத்திரி அதட்டத் தெம்பில்லாமல் அவள் பக்கத்தில் தரையில் படுத்துவிட்டேன். விளக்கை அணைத்து ரொம்ப நேரம் கழித்து, "தாத்தா தூங்கும்போதுதானே செத்துப்போனாங்க" என்றாள்.

என் அப்பா அதற்கு மூன்று மாதம் முன்னால் இறந்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் நாங்கள் சொன்ன வார்த்தை அதுதான்: "தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்." இவள் ஒரு மூலையில் பொம்மையோடு உட்கார்ந்து அத்தனையையும் கேட்டிருக்கிறாள். தூங்கினால் சாகலாம் என்று கணக்குப் போட்டுவிட்டாள். சாவைப் பற்றி அவ்வளவு தூரம் யோசிக்கிற புத்தி இருக்கிறது. அந்தப் பயத்தைத் தாங்குகிற நெஞ்சு நாலரை வயதுக் குழந்தையுடையது.

தாத்தாவுக்கு இதயத்தில் நோய் இருந்தது, அதனால் இறந்தார், தூங்கியதால் இல்லை என்று விளக்கினேன். இதயம் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரையச் சொன்னாள். வரைந்தேன். நான்கு அறை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை, இன்னும் இரண்டு வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினாள். ஆனால் அடிப்பது அன்றோடு நின்றது.

அப்புறம் பார்த்த உளவியலாளர் டப்ரோவ்ஸ்கி என்ற போலந்து மனநல மருத்துவரைப் பற்றிச் சொன்னார். சில பேருக்கு உடல் துடிப்பு, புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி என்ற ஐந்தில் ஒன்றிலோ பலவற்றிலோ தூண்டுதல் மற்றவர்களைவிடப் பல மடங்கு ஏறும் என்பது அவர் கருத்து. "இதை நோயின் பெயர் மாதிரி எடுத்துக்காதீங்க, குழந்தையைப் பாக்குறதுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்" என்றும் அவரே சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சேலம் அம்மா:

சின்னதாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் புத்திசாலித்தனத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நான் அப்படி எழுதி இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

என் பையன் மூன்றரை வயதில் செய்தித்தாள் வாசித்தான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். சட்டைக் காலரில் இருக்கிற லேபிள் உறுத்துகிறது என்று சட்டையையே கழற்றி எறிவான். "ரொம்ப அறிவாளிப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆறு வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. வாசிப்பும் நிஜம், ஆட்டிசமும் நிஜம். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லாமல் போய்விடாது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் (ஏ.டி.எச்.டி) உள்ள பிள்ளைகளிலும் இதே கதைதான்: நல்ல மதிப்பெண் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

காது கேட்கிற அளவு, கண், தூக்கம், இவற்றை முதலில் பாருங்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்குகிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். ஐ.க்யூ எண்ணுக்கு அவசரப்பட வேண்டாம். நம் ஊரில் பரவலாக எடுக்கிற மாலின் சோதனையே ஆறு வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் வருகிற எண் அடுத்த வருடமே மாறலாம். முந்தின ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால்கூட அது மாறிவிடும்.

லேபிளை இப்போது கத்தரித்துவிடுகிறேன். குக்கர் வைக்கும்போது "மூணு விசில் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் குழந்தையாக இருந்தவன்:

2007-ல் நான் மூன்றாம் வகுப்பு. சார் ஒன்பது கோள் என்று எழுதிப்போட்டார். போன வருடமே புளூட்டோவை எடுத்துவிட்டார்கள், எட்டுதான் என்று எழுந்து சொன்னேன். உட்கார் என்றார். உட்காராமல் மறுபடி சொன்னேன். வாசலில் முட்டிபோட வைத்தார். அங்கிருந்தும் "எட்டு, எட்டு" என்று கத்தினேன். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

சாரை மட்டம் தட்ட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. பலகையில் தப்பு இருந்தது, நாற்பது பேர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் முள் குத்திய மாதிரி இருந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் பெரியவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் சொல்லித்தந்தார். அது எனக்குப் புது விஷயமாக இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு அப்புறம் நான்கு வருடம் வகுப்பில் நான் கையே தூக்கவில்லை.

திருச்சி அம்மா:

எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். சேலம் அம்மா, கோபமெல்லாம் இல்லை. காதுப் பரிசோதனைக்கு இந்த வாரமே போகிறோம். மற்றதையும் மருத்துவரிடம் கேட்கிறேன்.

டீச்சர் சொன்னபடி கிழிந்த பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மிஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரப்பர் தேய்ந்த தடம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இனி இவன் பெரிய கட்டம் போட்ட நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும், மீதி நேரம் மற்ற பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டட்டும் என்றார். ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, தப்பானால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு நாள் அந்தக் கோட்டுக்கே அழுதான். இப்போது முனகலோடு போடுகிறான்.

கடித்ததற்கு அப்பாயியிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவனே தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து அவர் கையில் தடவினான். நான் அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. பரவாயில்லை.

இன்று காலை மாமியார் மாப்போடு வந்து தரையைப் பார்த்தார். "ஏம்ப்பா, லால்குடியைத் துடைக்கலாமா?" என்று கேட்டார். இவன் குனிந்து பார்த்துவிட்டு, "லால்குடி துடைங்க அப்பாயி. அரியலூர் மட்டும் விட்டுடுங்க, இன்னும் ஆளுங்க இறங்கலை" என்றான். அவர் அரியலூரைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.